சீட்டு கேட்காத மருந்துக்கடையும் ஒரு யூரின் கல்ச்சரும்

இந்த முறை ஊரில் இருந்தபோது அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. மருந்துக்கடையில் விஷயத்தைச் சொன்னதுமே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டினார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்று பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. நான் இருக்கும் நாட்டில் அது நடக்காத காரியம். இந்தச் சுறுசுறுப்புதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வாங்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காய்ச்சல், குளிர், விலாவில் வலி உண்டா என்று விசாரித்துவிட்டு, மாத்திரைக்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை அது. ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போனாலே கிருமி வளராமல் முடிவு குழம்பிவிடக்கூடும். லேபில் இருந்த பெண்ணைப் பாராட்ட வேண்டும். "முதல்ல வர்றதை விட்டுடுங்கம்மா, நடுவுல வர்றதைப் பிடிங்க" என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் பிடித்து வெயிலில் தூக்கிக்கொண்டு வந்தால், தோலிலிருந்து கலந்த கிருமிகூடப் பெருகிவிடும்.

ரிப்போர்ட் ஃபோனுக்கே வந்தது. ஈ.கோலை என்ற குடல் கிருமி, சிறுநீரில் மில்லிக்கு 1,00,000க்கு மேல். சிப்ரோவுக்கு நேரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோனுக்கும் 'ஆர்'. கீழே 'ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப்போடும் என்சைம் அது. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும், வேறு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களையும் சேர்த்தே. ஆக, கடைக்காரர் நீட்டிய மாத்திரையால் பயன் இருந்திருக்காது.

நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற இரண்டு மருந்துகளுக்கு 'எஸ்', அதாவது கிருமி அடங்கும். டாக்டர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு முதலாவதை 5 நாளுக்கு எழுதினார். அது சிறுநீர்ப்பையோடு சரி, சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதலில் விலா வலியை விசாரித்தது இதற்குத்தான். அம்மாவுக்குச் சீக்கிரமே கடுப்பு அடங்கியது.

ஒரே குறை, மாத்திரை முடிந்ததும் மறுபடி கல்ச்சர் எடுக்கச் சொல்லி லேபிலிருந்து வந்த ஃபோன்கள். தொந்தரவு இல்லாதவருக்கு அது தேவையில்லை. வயதானவர்களின் சிறுநீரில் சும்மாவே கிருமி இருப்பது சகஜம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து கொடுப்பதில்லை.

அப்புறம், விடுமுறைக்கு வந்து போகிற நம்மைப் போன்றவர்களுக்கு: ஈஎஸ்பிஎல் கிருமி ஒரு அறிகுறியும் காட்டாமல் நம் குடலிலும் குடியேறி, மாதக்கணக்கில் தங்கலாம். திரும்பிய பிறகு நீர்க்கடுப்பு வந்தால், எங்கே போய்வந்தோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் எழுதும் முதல் மருந்தே மாறக்கூடும்.