முதல் தனிக் குதிப்பு: நின்று இறங்குவதா, உருண்டு இறங்குவதா?

விமானத்திலிருந்து பாராசூட்டில் டேண்டமாக, அதாவது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குதித்த எல்லோருக்கும் ஒரு கட்டளை மனப்பாடமாக இருக்கும்: "காலைத் தூக்கு, காலைத் தூக்கு!" நம் முதுகோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பயிற்சியாளர், தரை நெருங்கும்போது காதுக்குள் கத்துவார். நாம் முழங்காலை நெஞ்சுவரை இழுத்துக்கொள்வோம். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஒன்று அவர் காலூன்றுவார், இல்லையென்றால் இருவரும் உட்கார்ந்தபடியே புல்லில் சறுக்கிப் போய் நிற்போம். வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆள் பிறகு தனியாகக் குதிக்கப் போனால், அந்தக் கட்டளை காலிலேயே தங்கியிருக்கும். தனிக் குதிப்பில் செய்ய வேண்டியது நேர் எதிர். கால்கள் கீழே இருக்க வேண்டும், இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்டது கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியில், காய்ந்த வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு டிராப் ஜோனில், அதாவது பாராசூட் குதிப்புத் தளத்தில். சேருவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்: எத்தனை ஆயிரம் அடி, எத்தனை விநாடி விழுவோம், கட்டணம் எவ்வளவு, வீடியோ உண்டா. எப்படி இறங்குவது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கால் உடைவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து விநாடியில்தான். அதனால் இங்கே அதை மட்டும் ஒப்பிடுகிறேன்.

உருளும் வழக்கம் எங்கிருந்து வந்தது

பழைய பாராசூட்டுகள் வட்டமானவை, விரித்த குடை மாதிரி. 1797 அக்டோபரில் பாரிஸில் கார்னெரின் பலூனிலிருந்து குதித்தது முதல், இரண்டாம் உலகப்போர் வீரர்கள் குதித்தது வரை இதுதான். ராணுவ வட்டப் பாராசூட் விநாடிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 மீட்டர் வேகத்தில் இறங்கும். இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள மதிலிலிருந்து குதித்தால் தரையில் எந்த வேகத்தில் மோதுவோமோ, அதே வேகம். அதைத் தணிக்க மேலே எந்த வழியும் கிடையாது, உடம்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக உருவானதுதான் பி.எல்.எஃப். எனப்படும் உருண்டு இறங்கும் முறை. 2015 ஆகஸ்டில் தோனி ஆக்ராவில் ஐந்து முறை குதித்துப் பாராட்ரூப்பர் ஆனாரே, அந்த மாதிரிப் பயிற்சியில் குதிப்பதற்கு முன் நாள் கணக்கில் தரையில் உருளவிடுவார்கள்.

1960களில் டொமினா ஜால்பர்ட் என்பவர், காற்றை அறைகளுக்குள் வாங்கி இறக்கை போல விறைத்துக்கொள்ளும் சதுரப் பாராசூட்டை வடிவமைத்தார். இன்று மாணவர்களுக்குக் கொடுப்பது அதன் வழிவந்ததுதான். இது வெறுமனே விழாது, முன்னோக்கிப் பறக்கும். பறப்பதால் கடைசி நொடியில் பிரேக் பிடித்து மென்மையாக நிற்கவும் முடியும். அப்புறம் எதற்கு உருள வேண்டும்? வகுப்பில் இதைத்தான் நானும் கேட்டேன்.

நிற்பது, சறுக்குவது, உருளுவது

நின்று இறங்குவதில் முக்கியமானது ஃப்ளேர். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு டாகிள், அதாவது திருப்பும் கைப்பிடி, இருக்கும். காது உயரத்தில் இருக்கும் இரண்டையும் ஒரே சீராக இடுப்புவரை இழுத்தால் பாராசூட்டின் பின்விளிம்பு கீழே மடங்கும். முன்னால் ஓடும் வேகம் தூக்கும் விசையாக மாறும். ஒரு கணம் தரைக்கு இணையாக மிதப்போம், காலை எடுத்து வைத்து நடந்துவிடலாம். மாணவர் பாராசூட்டில் இதைத் தொடங்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 10 முதல் 12 அடி, அதாவது ஓட்டு வீட்டுக் கூரை அளவு.

முதல் முறை குதிப்பவர் கண்ணுக்கு அந்த உயரம் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல். மேலேயிருந்து பார்க்கும்போது நிலம் அசையாமல் வரைபடம் மாதிரி கிடக்கும். பிறகு திடீரென்று நாலாபக்கமும் விரிந்துகொண்டு மேலே ஏறி வரும். பயத்தில் பலர் 25 அடியிலேயே இழுத்துவிடுவார்கள். பாராசூட் சட்டென்று மந்தமாகும். "ஐயோ, சீக்கிரம் இழுத்துவிட்டோம்" என்று கையை மேலே விட்டால் போச்சு, பாராசூட் முன்னால் சாய்ந்து பாயும். சீக்கிரம் இழுத்துவிட்டால் கையை அங்கேயே நிறுத்தி வைத்து, தரை நெருங்கியதும் மிச்சத்தை இழுக்க வேண்டும். அந்த இறக்கம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

அப்போது நிற்பதென்று முடிவு கட்டியவர் என்ன செய்வார்? இருட்டில் படி இறங்குகிறவர் மாதிரி ஒரு காலை முன்னால் நீட்டித் தரையைத் தேடுவார். அந்த ஒற்றைக் கணுக்கால்தான் முழு எடையையும், முன்னோக்கி ஓடும் வேகத்தையும், திருகலையும் சேர்த்து வாங்கும். என்னோடு வகுப்பில் இருந்த ஒரு பையன் அப்படித்தான் நின்றான். அரை நொடி நின்றிருப்பான். அன்று சாயங்காலம் அவன் கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

சறுக்குவது இதைவிட மோசம் என்பது என் கருத்து. அனுபவசாலிகள் சின்னப் பாராசூட்டில் வேகமாக வந்து புல்லை உரசிக்கொண்டு போவதைப் பார்த்து நமக்கும் ஆசை வரும். அவர்களுக்கு ஃப்ளேர் கச்சிதமாக அமைந்து, கீழ்நோக்கிய வேகம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது, அதனால் தப்பிக்கிறார்கள். ஃப்ளேர் பாதியில் தவறி உட்கார்ந்தபடி மோதினால், அடி நேராக வால் எலும்பிலும் முதுகுத்தண்டிலும் விழும். கணுக்காலாவது கட்டுப்போட்டால் கூடிவிடும்.

உருளுவது என்றால் குட்டிக்கரணம் இல்லை. பாதம், முழங்கால் இரண்டையும் கயிற்றால் கட்டியது போல ஒட்டி வைக்க வேண்டும். தாடை நெஞ்சில், முஷ்டிகள் உடம்புக்கு முன்னால், முழங்கைகள் ஒடுங்கி. முன்பாதம் தரையைத் தொட்ட உடனே உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிச் சாய வேண்டும். கெண்டைக்கால், தொடை, பிட்டம், பிறகு முதுகின் குறுக்கே எதிர்த் தோள் பக்கம் என்று அடி வரிசையாகப் பங்கு பிரியும். கையை ஊன்றவே கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு காலி. மூன்றடி உயர மேடையிலிருந்து கூழாங்கல் குவியலில் அரை நாள் குதித்தோம். இரவு படுத்தபோது இடுப்பு இரண்டு பக்கமும் கன்றிப்போயிருந்தது.

வகுப்பில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் குவியலில்தான் கிடைத்தது. உருளத் தயாராக வருகிறவர், இறக்கம் மென்மையாக அமைந்தால் அப்படியே எழுந்து நின்றுவிடலாம். ஒட்டிய காலைப் பிரித்து ஓரடி வைத்தால் போதும். நிற்கத் தயாராக வருகிறவர், இறக்கம் கனமாக அமைந்தால் உருள முடியாது. காலை ஏற்கெனவே நீட்டிவிட்டார், நேரம் முடிந்துவிட்டது.

காற்றை எதிர்த்துத் திரும்பவா, அப்படியே விடவா?

இதுவும் உயிர் சம்பந்தப்பட்ட தேர்வு. மாணவர் பாராசூட் காற்றில்லாத நாளில் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் காற்றை எதிர்த்து இறங்கினால் தரையில் நம் வேகம் 15. காற்றோடு சேர்ந்து இறங்கினால் 45. கணக்கைப் பார்த்தால் எதிர்த்து இறங்குவதுதானே சரி? நூறு அடியில் இருக்கும்போதுதான் திசை தப்பு என்று தெரிகிறது என்றால், அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். ஒரு டாகிளை மட்டும் ஆழமாக இழுத்தால் பாராசூட் சாய்ந்து பாயும், நாம் கயிற்றின் நுனியில் கட்டிய கல் மாதிரி வெளியே வீசப்படுவோம். அந்த வேகத்தோடு தரையில் மோதிச் செத்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

அமெரிக்கப் பாராசூட் சங்கம் மாணவருக்குச் சொல்லும் முன்னுரிமை வரிசை இது: முதலில் பாராசூட் சாயாமல் நேராகப் பறக்கும் நிலையில் இறங்கு. பிறகு தடையில்லாத திறந்தவெளி. பிறகு குறைந்தது பாதி அளவு ஃப்ளேர். கடைசியில் உருளல். நாலே நாலு. "காற்றை எதிர்த்து இறங்கு" என்பது அதில் இல்லவே இல்லை. முதல் முறை வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

காற்று அதிகம் என்றால் மாணவரை மேலே ஏற்றவே மாட்டார்கள். சங்கத்தின் வரம்பு மணிக்கு 14 மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். நாள் முழுக்க ஜம்ப்சூட்டோடு உட்கார்ந்து காற்றுக்கூம்பை வெறித்துவிட்டு வீட்டுக்குப் போன சனிக்கிழமைகள் எனக்கு உண்டு.

காதில் வரும் குரலும் கையில் இருக்கும் வரைபடமும்

ஹெல்மெட்டில் ரேடியோ மாட்டிவிடுவார்கள். கீழிருந்து ஒருவர் "இடது, இன்னும் இடது, நேராக, தயார், ஃப்ளேர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சில இடங்களில் ரேடியோவுக்குப் பதிலாகவோ துணையாகவோ தரையில் பெரிய அம்புக்குறி ஒன்றைத் திருப்பிக் காட்டுவார்கள். அம்பு காட்டும் திசையில் பறந்தால் போதும். ரேடியோ சுகமானது, ஃப்ளேர் உயரத்தைக் கண்ணுக்குப் பதிலாக இன்னொருவர் அளந்து சொல்கிறார். ஆனால் அது ஒரு இயந்திரம், அது மௌனமாகிவிட்டால் பறப்பது நாம்தான்.

எனக்கு முதல் குதிப்பிலேயே அது நடந்தது. "வலது பக்கம் கொஞ்சம்..." என்று வந்த குரல் அப்படியே நின்றுபோனது. காற்றின் சலசலப்பைத் தவிர ஒன்றும் இல்லை. காலையில் பயிற்சியாளர் வான்படத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டியிருந்தார்: 1,000 அடியில் வெள்ளைக் கூரைக் கொட்டகைக்கு மேல், 600 அடியில் சாலை வளையும் இடம், 300 அடியில் கடைசித் திருப்பம். விமானம் ஏறும்போது அலுப்புத் தட்டும் அளவுக்கு அதை ஒப்பிக்க வைத்திருந்தார். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்து அதையே செய்தேன். குறியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, அறுத்த வயல் தாளில் இறங்கினேன். ஃப்ளேர் சீக்கிரம், உருளல் அரைகுறை, வாயெல்லாம் புழுதி. எலும்பு மட்டும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

எந்தப் படிப்பு

இதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டாட்டிக் லைன் முறையில் ஏறத்தாழ 3,500 அடியில் வெளியேறியதும் விமானத்தோடு கட்டிய பட்டை பாராசூட்டைத் திறந்துவிடும். ஏ.எஃப்.எஃப். (ஆக்ஸிலரேட்டட் ஃப்ரீஃபால்) முறையில் இரண்டு பயிற்சியாளர்கள் பிடித்துக்கொள்ள 13,000 அடி வாக்கில் குதித்து, ஏறக்குறைய 5,500 அடியில் நாமே திறக்க வேண்டும். திறந்த பிறகு இரண்டிலும் தனியாள்தான். ஏ.எஃப்.எஃப்.பில் திறந்த பிறகு பறக்கும் நேரம் அதிகம், அது நல்லது. ஆனால் அந்த ஐம்பது விநாடி விழுந்து முடித்ததும் மூளை வறுத்த கடலை மாதிரி இருக்கும். இறங்கும் பாடம் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வர வேண்டும். இறங்குவதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்டாட்டிக் லைன்தான் என் தேர்வு. ஆனால் அமெரிக்காவில் இப்போது பெரும்பாலும் ஏ.எஃப்.எஃப்.தான் கிடைக்கும், நானும் அதில்தான் படித்தேன். எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் கேளுங்கள்: மேடையிலிருந்து எத்தனை தடவை உருள வைப்பீர்கள்? சிரித்து மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

டிராப் ஜோன்களில் ஒரு வழக்கம் உண்டு. எதை முதல் தடவை செய்தாலும் செய்தவர்தான் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். எட்டு குதிப்பு வரைக்கும் வேலியோரம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க உருண்டுகொண்டே இருந்தேன். ஒன்பதாவதில் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தபோது தரை தானாகவே மெதுவாக வந்து சேர்ந்தது. ஓரடி வைத்தேன், நின்றிருந்தேன். அன்று சாயங்காலம் இரண்டு பெட்டி பீர் என் செலவு.