கதை எழுதச் சொல்லும் அக்கம்பக்கத்துச் செயலி: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் புலம்பல்

புது வீட்டுக்குக் குடிபோன நண்பர், நான் இருக்கும் அந்த அக்கம்பக்கத்துச் செயலியில் தானும் சேரலாமா என்று கேட்டார். முகவரி சரிபார்ப்பு, விற்பனைப் பகுதி, காணாமல் போன பூனை அறிவிப்பு எல்லாம் தெரிந்த கதைதான். நான் பேச வந்தது 'உங்கள் கதையைப் பகிருங்கள்' என்று மேலேயே நிற்கும் அந்தப் பெட்டியைப் பற்றி.

அதில் ஒருத்தரும் எழுதமாட்டார்கள். கதை என்றதும், நம்மிடம் என்ன பெரிய கதை இருக்கிறது என்று நழுவிவிடுவார்கள். எங்கள் தெருக் குழுவின் அட்மின் அம்மா இதைக் கவனித்து வேறு மாதிரி கேட்டார்: "நீங்கள் குடிவந்தபோது இந்தத் தெருவில் கடைசி வீடு எது?" அவ்வளவுதான். வாயே திறக்காதவர்களெல்லாம் எழுதினார்கள். இப்போது வண்டி நிறுத்தும் மூலையில் ஒரு கிணறு இருந்ததாம். மண் கொட்டி மூடிவிட்டார்களாம். அங்கே மட்டும் தரை ஏன் உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. தட்டச்சு வராத ஒரு பெரியவர் பேசி அனுப்ப, பேத்தி அதை எழுத்தாக்கிப் போட்டாள். இதற்காகவே செயலிக்கு முழு மதிப்பெண் தரலாம்.

சரி, அந்தக் கிணற்றுப் பதிவை நண்பருக்குக் காட்டலாம் என்று தேடினால் காணோம். பதில் விழ விழத்தான் பதிவு மேலே வரும். கதையைப் படித்தவர் ஒரு இதயக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார். சண்டைக்குத்தான் பதில்மேல் பதில். ஆக, நாய் குரைத்த புகார் உச்சியில், கிணறு பாதாளத்தில். கதைகளுக்குத் தனிப்பக்கம் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அப்புறம், கொஞ்ச நாள் எழுதாவிட்டால் 'அயலார் உங்கள் கதைக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று ஓர் அறிவிப்பு. எழுதினதை எங்கே வைத்தாய் என்று முதலில் சொல்லப்பா!

இது தீராத சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய ஃப்ரன்ட் போர்ச் ஃபோரம் என்ற அக்கம்பக்கத்து இணையத்தளத்தில், வரும் பதிவுகளை ஆட்கள் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் எழுதியவை ஒரே மடலாகத் தொகுக்கப்பட்டு மின்னஞ்சலில் போகின்றன. சத்தம் போட்டவர் முன்னால் வருவதற்கு அதில் வழி குறைவு. இதே போன்ற இன்னொரு அக்கம்பக்கத்துச் செயலியான நெக்ஸ்ட்டோரும் 2019-இல், காரமாக எழுதினால் அனுப்புமுன் ஒருமுறை யோசிக்கச் சொல்லும் நினைவூட்டலைக் கொண்டுவந்தது. மனம் இருந்தால் செய்யலாம் என்றுதானே அர்த்தம்?

சேரலாமா என்றால், வேண்டாம். அந்தக் கிணற்றுப் பதிவைத் தேடுவதற்கு முன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். சேர்ந்தே தீருவேன் என்றால் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். நல்ல பதிவு கண்ணில் பட்டால் அப்போதே நகலெடுத்து வையுங்கள். கையோடு அதன் கீழே ஒரு கேள்வியும் கேளுங்கள், இன்னொரு நாள் மேலே நிற்கும். நான் விலகப் போவதில்லை. அட்மின் அம்மாவின் அடுத்த கேள்வி பழைய பேருந்து நிறுத்தம் பற்றியதாம்.