டர்னரின் வெனிஸா, சார்ஜென்ட்டின் வெனிஸா?

வீட்டில் இருப்பதோ ஒரே சுவர். தண்ணீரிலிருந்து பார்த்த வெனிஸ் ஓவியத்தின் நகல் ஒன்று மாட்ட வேண்டும். ஆங்கில ஓவியர் டர்னருடையதா, அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட்டுடையதா? இரண்டும் நீர்வண்ண ஓவியங்கள். எதை எடுப்பது?

எட்ட நின்று பார்த்தால்:
டர்னரின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே (1819) அமைதி. விடியலை எதிர்த்து நிற்கும் தேவாலயம், நீலச் சாம்பலில் ஒரு நிழல் மட்டுமே.
சார்ஜென்ட்டின் சாந்தா மரியா தெல்லா சலூத்தே (1904) பரபரப்பு. முன்னால் படகுகள், பின்னால் தேவாலய முகப்பு.

கிட்டப் போனால்:
டர்னரிடம் விவரம் குறைவு. ஆனால் நீரையும் வானையும் பிரிக்கும் இடத்தைப் பாருங்கள், ஈரம் காயும் நேரம் பார்த்து வைத்த மெல்லிய பூச்சுகள்! எனக்கு அலுக்கவே இல்லை.
சார்ஜென்ட்டிடம் தூரிகைத் தடம் ஒவ்வொன்றும் தெரியும்.

வரைந்து பழக:
டர்னர் எளிதுபோலத் தோன்றும், கைக்கு வராது. சார்ஜென்ட் கொஞ்சம் பிடிகொடுப்பார்.

அப்புறம், எதுவானாலும் வெயில் படாத சுவர்தான் நல்லது.

படுக்கையறைக்கு டர்னர். ஆட்கள் வந்துபோகும் கூடத்துக்குச் சார்ஜென்ட். என் சுவர் டர்னருக்குத்தான்.