கல்லூரி நூலகத்தின் சுவடி, அச்சுத் தொகுப்பு: எதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்

எழுத்தும் புத்தகமும் உருவான விதத்தைக் கையிலெடுத்துப் பார்க்க, கொழும்பிலுள்ள இந்தக் கல்லூரி நூலகத்தின் சிறப்புத் தொகுப்பு நல்ல இடம். கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிவிட்டு வந்தால் பாதிகூடத் தேறாது. மேசைக்கு எடுப்பித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஏடுகளைக் கேளுங்கள். பனையோலை குட்டை, தடிப்பு, வளைத்தால் முறியும். தாளிப்பனையோலை நீளம், மெல்லிசு, வளைந்து கொடுக்கும். சிங்கள ஏடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தாணி கீறிய பள்ளம் தெரியும். கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தபின் பள்ளத்தில் தங்கியதுதான் நாம் வாசிக்கும் கறுப்பு. கரி பூசாத ஏடொன்றும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். பழந்தமிழ் ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகத்தின் முதல் சிங்களப் புத்தகம் 1737இல் வந்தது. அதே அச்சகத்தின் பிற்காலத் தாளொன்று இங்குண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாள் வார்த்த சல்லடைக் கம்பிகளின் தடமாக, ஏறத்தாழ அங்குல இடைவெளியில் கோடுகள் தெரியும். அவை குறுக்கே ஓடினால் முழுத்தாளை இருமுறை மடித்தது. நெடுக்காக ஓடினால் ஒருமுறையோ மும்முறையோ மடித்தது. கந்தல்துணிக் கூழில் செய்த தாள் என்பதால் இன்னும் உறுதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மரக்கூழ்த் தாள்களோ மூலை உதிர்கின்றன. உள்ளே சேர்த்த படிகாரத்தின் அமிலம் செய்யும் வேலை அது.

மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகம் (1834), நாவலரின் வண்ணார்பண்ணை அச்சகம் (1849) ஆகியவற்றின் புத்தகங்களும் உண்டு. ஆனால் நூலகத்தின் நூல் அட்டவணை, நூலாசிரியர் பெயரில் மட்டுமே ஓடுகிறது. அச்சகம், ஊர் வைத்துத் தேட வழியில்லை. அச்சு வரலாற்றுத் தொகுப்புக்கு இது பெருங்குறை. அலமாரியில் நூல்கள் இருக்கும் வரிசைப்படி எழுதிய அலமாரிப் பட்டியலைக் கேட்டு வாங்குவதே வழி.

பராமரிப்பும் சீரில்லை. கிழிசல்களைச் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டது. மாலையில் ஏசியை நிறுத்துகிறார்கள், இரவு ஈரப்பதன் ஏறுகிறது, தோல் அட்டைகளில் பூஞ்சணம். விட்டுவிட்டுக் குளிரூட்டுவதைவிட ஈரநீக்கி ஒன்றை ஓயாமல் ஓடவிடுவது நல்லது. பருத்திக் கையுறையும் கட்டாயமாம்! ஓலையின் விளிம்பு கையுறையின் நூலிழையில் மாட்டிப் பிளந்துவிடும். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே பாதுகாப்பு. புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை சரி.

பேனா உள்ளே விடமாட்டார்கள். பென்சில், உருப்பெருக்கி, சிறு டோர்ச் கொண்டு போங்கள். கோரிக்கைச் சீட்டை முதல்நாளே கொடுத்துவிடுங்கள், ஏடுகள் வேறு அறையில் இருக்கின்றன.