8,800 யென் போச்சு: டோக்கியோ போகிறவர்கள் கவனத்துக்கு

நரிதா விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது நேற்று ராத்திரி, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களை எழுதலாம் என்றுதான் போனை எடுத்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடம் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதி. பத்துப் பேர் வரிசையாக உட்காரும் சின்ன ராமென் கடை. பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகளில் வாசலிலேயே டிக்கெட் மெஷின் இருக்கும். பணம் போட்டுப் பொத்தானை அழுத்தினால் துண்டுச் சீட்டு வரும். அதைக் கவுண்டரில் வைத்தால் கிண்ணம் வரும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பத்தாயிரம் யென் தாள், 2024 ஜூலையில் வெளியான, ஷிபுசாவா எய்ச்சி படம் போட்ட புதுத் தாள். பழைய மெஷின்கள் பலவற்றுக்கு இது ஆகாது. ஆயிரம் யென் தாளை மட்டும் எடுக்கிறவையும் உண்டு. நுழைக்க நுழைக்கத் துப்பியது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

அப்போதுதான் தலையில் துண்டு கட்டிய கடைப்பையன் ஓடி வந்தான். என் தாளை வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து காசு போட்டு 1,200 யென் தொன்கொத்சு ராமெனுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தான். மீதி? "அத்தோதே, அத்தோதே" என்றான். அப்புறம் தருகிறானாம். குனிந்து ஒரு வணக்கம் வேறு. நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊராக இருந்தால் மீதி வாங்காமல் ஓர் அடி நகர்ந்திருப்பேனா? ஜப்பான்தானே என்ற நினைப்பு. போன வாரம் ரயிலில் விட்ட குடை மறுநாளே பத்திரமாகக் கைக்கு வந்தது. அந்தக் குடைதான் என்னைக் கெடுத்தது.

ராமென் அருமை, அதையும் சொல்ல வேண்டும். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட வெள்ளைச் சாறு. கடைசிச் சொட்டு வரை குடித்து நிமிர்ந்தால் பையனைக் காணோம். வேலை நேரம் முடிந்து போய்விட்டானாம்.

அடுப்படியில் நின்றவரிடம் போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். மெஷினைக் கைகாட்டினார். மீதி அதில்தான் வரும், லீவரைத் திருப்பினீர்களா என்றார். பணமே மெஷினுக்குள் போகவில்லை ஐயா! இன்னொருவர் வந்து, முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்கு எனக்கு விமானம். குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், 8,800 யென்னை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சீட்டையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். என் கையில் ஒன்றுமே இல்லை.

பக்கத்துக் கோபனுக்குப் போனேன். தெருமுனைப் போலீஸ் சாவடியைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அங்கிருந்த போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், கடையில் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள் என்றார். திரும்பி வந்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. 8,800 யென். நம் பணத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய்.

சரி, அந்தப் பத்து விஷயம். ஆயிரம் யென் தாள்களாக மாற்றி வைத்துக்கொண்டு போங்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினால் போதும், சில்லறை கிடைத்துவிடும். கடைக்காரர் தாளை வாங்கினால், முழுச் சில்லறையும் கைக்கு வந்த பிறகு மெஷினில் நீங்களே போடுங்கள். சில மெஷின்களில் மீதிக்கு லீவரைத் திருப்ப வேண்டும், மறந்தால் அடுத்த ஆளுக்கு யோகம். சீட்டைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மீதி ஆறும் ஞாபகத்துக்கு வரவில்லை, 8,800 யென்தான் வருகிறது.