புது டெபிட் கார்டு வந்தது, பூட்டியே வந்தது

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "என் டெபிட் கார்டில் 09/25 என்று போட்டிருக்கிறது. ஒன்றாம் தேதியோடு முடிந்துவிடுமா, மாதக் கடைசி வரைக்கும் ஓடுமா?"

மாதக் கடைசி வரைக்கும் ஓடும். அந்த மாதத்தின் கடைசி நாள் முழுக்கச் செல்லும். அதற்குப் பிறகும் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு ஒன்றும் ஆகாது. காலாவதியாவது பிளாஸ்டிக் அட்டை, கணக்கு அல்ல. அவருக்குத் தேவைப்பட்ட பதில் இவ்வளவுதான். ஆனால் என் கார்டும் அண்மையில்தான் மாறி வந்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதால் பதிலோடு புலம்பலையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று அவருக்கு. இங்கேயும் அதே கதைதான்.

என்னுடையது சாதாரண ரூபே கார்டு. பகட்டான வகை எதுவும் இல்லை. அரிசி வாங்க, பெட்ரோல் போட, எப்போதாவது ரயில் டிக்கெட் எடுக்க என்று பல வருடங்களாக அதே கணக்கு, அதே கிளை. கார்டு மட்டும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் இருந்தது முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை மட்டும் உள்ள பழைய ரகம். காந்தப் பட்டையைப் பிரதி எடுத்து மோசடி செய்வது எளிது என்பதால், 2018 டிசம்பர் 31க்குள் எல்லாவற்றையும் சிப் வைத்த கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. என் கார்டில் அச்சிட்ட தேதிக்கு இன்னும் காலம் இருந்தும் அது போய்ச் சேர்ந்தது. அப்போதும் முணுமுணுத்தேன். ஆனால் அந்த மாற்றம் நல்லதாகவே முடிந்தது. சிப் வந்த பிறகு ஒருநாள்கூட அது என்னைக் கடைவாசலில் நிறுத்தி வைத்ததில்லை. வியர்வையில் நனைந்த சட்டைப் பையிலும், சில்லறையோடு உரசும் பர்ஸிலும் கிடந்து எழுத்தெல்லாம் தேய்ந்த பின்பும் வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடக்கூடும்.

கார்டுக்குத் தேதி எதற்கு என்று நண்பர் கேட்டதும் நியாயமான கேள்விதான். சிப்பும் பட்டையும் தேய்கின்றன என்பது ஒரு காரணம். சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவிகளை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பது அதைவிட முக்கியமான காரணம். எங்கோ ஓர் இணையதளத்திலிருந்து நம் கார்டு விவரம் களவு போயிருந்தாலும், தேதியும் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணும் மாறியதும் அது வெறும் குப்பையாகிவிடும். பதினாறு இலக்க எண் மாறுமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது. எனக்கு மாறியது.

புதிய கார்டு வந்து சேர்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதி முடியும் முன்பே குறுஞ்செய்தி வந்தது, ஸ்பீடு போஸ்ட் எண் வந்தது, தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் எல்லோருக்கும் இப்படித் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீண்ட நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் கார்டைப் பல வங்கிகள் தாமாகப் புதுப்பிப்பதில்லை. முகவரி பழையதாக இருந்தால் உறை திரும்பிப் போய்விடும், பிறகு கிளையில் போய்த் தேட வேண்டும். தேதி நெருங்கும்போது வங்கியின் செயலியில் முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தேதி முடிந்து வரும் கார்டுக்கு என்னிடம் கட்டணம் வாங்கவில்லை. தொலைத்துவிட்டு வாங்கினால் கட்டணமும் அதன் மேல் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆண்டுக் கட்டணத்தை மட்டும் ஒரு வருடம்கூட மறக்காமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் இருந்தது: பின் (PIN) எண். முன்பெல்லாம் கார்டு ஒரு தபாலில் வரும், பின் எண் வேறொரு தபாலில் வரும். அந்தக் கறுப்பு உள்தாள் ஒட்டிய உறையைக் கிழிக்கும்போது எண்ணும் சேர்ந்து கிழிந்துவிடுமோ என்று பயந்தே கிழிப்பேன். இப்போது அந்த உறை இல்லை. வங்கியின் ஏடிஎம்மில் கார்டைச் செருகி, கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து, நாமே நான்கு இலக்கம் வைத்துக்கொள்ளலாம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் செருமத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. நான் பின் எண் வைத்ததுமே பழைய கார்டு முடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அதன் சிப்பையும் பட்டையையும் குறுக்கே வெட்டிப் போட்டேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

தங்கை மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருந்ததால் கும்பகோணம் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தோம். தொகை பதினெட்டாயிரத்துச் சொச்சம். யுபிஐயில் கட்டியிருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் கைப்பேசி மாற்றியிருந்தேன். புதிய கைப்பேசியில் யுபிஐயைப் பதிவு செய்தால் முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சரி, இருக்கவே இருக்கிறது புதுக் கார்டு என்று எண், தேதி, மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்தேன். நிராகரிக்கப்பட்டது என்று வந்தது. மறுபடியும் கொடுத்தேன், அதே பதில். ஓடிபி வரும் கட்டத்தையே அது தொடவில்லை. காரணம் ஒரு வரிகூட இல்லை. தங்கை மகள் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன்.

கடைக்காரர் வேறொருவருக்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "புதுக் கார்டா சார்? ஆன்லைன் மூடியிருக்கும். வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் கார்டுகளோடு மல்லாடும் மனிதர், தெரியாமல் இருக்குமா? அவர் சொன்ன வழியில் திறக்கலாம் என்றால், வங்கியின் செயலியோ புதிய கைப்பேசியில் என்னை மறுபடி பதிவு செய்யச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே, "நான் என் கணக்கிலிருந்து கட்டிவிடுகிறேன், நீங்கள் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். எதிரே இருந்த ஏடிஎம்முக்கு ஓடினேன். எந்தக் கார்டு கட்டணம் கட்ட மறுத்ததோ, அதே கார்டு அதே தொகையை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுத்தது. அச்செடுத்த தாளுக்கு வழக்கமான கூலிக்கு மேல் அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

என்ன நடந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. புதிதாகவோ மாற்றாகவோ தரப்படும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும், கடைகளில் செருகும் இயந்திரத்திலும் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் கைக்கு வர வேண்டும். இணையவழிச் செலவு, வெளிநாட்டுச் செலவு, செருகாமல் இயந்திரத்தைத் தொட்டுச் செலுத்துவது மூன்றும் மூடியிருக்க வேண்டும், வேண்டுமென்றால் வாடிக்கையாளரே திறந்துகொள்ளலாம். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதுவரை அந்த வழிகளில் ஒருமுறைகூடப் பயன்படாத பழைய கார்டுகளிலும் அவற்றை மூடச் சொன்னார்கள். திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் செயலி, நெட் பேங்கிங், ஏடிஎம், தொலைபேசி எனப் பல வழிகளை இரவு பகலாகத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அருமையான விதி. தபாலில் வரும் கார்டு வழியில் யார் கையில் சிக்கினாலும் இணையத்தில் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. தொட்டுச் செலுத்துவதில் 2021 ஜனவரி முதல் ஐயாயிரம் ரூபாய் வரை பின் எண்ணே தேவையில்லை. அது திறந்தே வந்திருந்தால் கார்டைப் பறிகொடுத்தவர் கதி என்ன? என் அப்பா வாழ்நாளில் இணையத்தில் எதையும் வாங்கப்போவதில்லை. அவர் கார்டில் அந்தக் கதவு மூடியே இருப்பது எனக்கு நிம்மதி. விதியை எழுதியவர்களுக்கு என் கையால் காபி போட்டுக் கொடுப்பேன்.

என் கோபம் அந்த உறையின் மீதுதான். கார்டோடு வழவழப்பான மடிப்புத்தாள் ஒன்று வந்திருந்தது. விபத்துக் காப்பீடு, விமான நிலைய ஓய்வறையோடு கூடிய உயர்வகைக் கார்டுக்கு மாறுங்கள் என்ற அழைப்பு, உணவகத் தள்ளுபடி எல்லாம் அதில் இருந்தன. விமானம் ஏற வேண்டுமென்றால் நான் திருச்சிக்குப் போக வேண்டும். "இந்தக் கார்டில் இணையவழிப் பயன்பாடு மூடப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பொடி எழுத்தில் இருக்குமோ என்று கண்ணாடி போட்டுக்கொண்டும் தேடினேன். ஒரு வரி! ஓய்வறைப் படத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

கிளைக்குப் போய்க் கேட்டேன். எதிரே நகைக்கடன் கூட்டம், பக்கத்தில் ஓய்வூதியதாரர்கள், நடுவில் ஒரே ஒரு பெண் ஊழியர். "ஏடிஎம்மில் ஒருமுறை போட்டு எடுத்தால் எல்லாம் வேலை செய்யும் சார்" என்றார். செய்யாது, செய்யவில்லை, அதனால்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் பாவம், கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை போலும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் போட்டேன். என் கார்டு விதிகளின்படி இயங்குகிறது, மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதைப் படித்தபோதுதான் உண்மையில் கொதித்தது.

பிறகு செயலியில் எல்லாம் சரியாகத் திறந்தது. இணையவழியைத் திறந்து, அதற்குத் தினசரி வரம்பு சிறிதாக வைத்திருக்கிறேன். வெளிநாட்டுச் செலவை மூடியே வைத்திருக்கிறேன். தொட்டுச் செலுத்துவதைத் திறந்தேன், மறுநாளே மூடிவிட்டேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, பிடிக்கவில்லை.

ஆனால் பூட்டைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை. 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் எனும் மாற்றுக் குறியீட்டைத்தான் வைத்துக்கொள்கின்றன. எண் மாறிப்போனதால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி கார்டைக் கொடுத்து ஒப்புதல் தர வேண்டியிருந்தது. மாதந்தோறும் தானாகப் பணம் போகும்படி நான் பழைய கார்டில் கொடுத்திருந்த ஆணைகளும் நின்றுபோயின. இணைய நாளிதழ்ச் சந்தா ஒன்று சத்தமில்லாமல் அறுந்தது. அதை நான் இன்னும் புதுப்பிக்கவில்லை, அதற்கு வங்கிக்கு நன்றி சொல்ல வேண்டும். மெட்ரோ பயணத்துக்கென்று கார்டுக்குள்ளேயே பணம் ஏற்றி வைத்திருப்பவர்கள் தேதி முடியும் முன் அதைச் செலவழித்துத் தீர்த்துவிடுவது உத்தமம்.

"யுபிஐ இருக்கும்போது கார்டே எதற்கு?" என்றும் நண்பர் கேட்டார். யுபிஐ கணக்கோடு இணைந்தது, கார்டு காலாவதியானாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் யுபிஐ பின் எண்ணை மறந்துபோய் மாற்ற நினைத்தால் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் செல்லுபடியாகும் தேதியும் கேட்கும். ஆதார் வழியாக மாற்றும் வசதியும் இருக்கிறது, ஆனால் ஆதாரில் உள்ள கைப்பேசி எண்ணும் வங்கியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அது ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே கார்டு பீரோவின் மாற்றுச் சாவி மாதிரி. தினமும் வேண்டாம், வேண்டிய அன்று இல்லாவிட்டால் திண்டாட்டம்.

வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்றே சொல்லலாம். டெபிட் கார்டை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்த வங்கியும் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022இல் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கிளையில் யாரும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

மதிப்பெண் கேட்டால் இத்தனை வருடம் தேய்ந்தும் தவறாத சிப்புக்கு நான்கு கொடுப்பேன். பின் எண் வைத்த வசதிக்கு அரை மதிப்பெண் கூட்டலாம். விதிக்கு முழு மதிப்பெண். எல்லாவற்றையும் சேர்த்து இந்தக் கார்டுக்கு ஐந்துக்கு இரண்டு. கணக்கு சரியில்லை என்று எனக்கும் தெரியும். அந்த மடிப்புத்தாளில் ஒரு வரி அச்சிடுங்கள், அப்புறம் பேசலாம். நண்பரே, உங்களுக்குக் கார்டு வந்ததும் தாளைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பின் எண் வையுங்கள், செயலியில் வேண்டியதைத் திறங்கள், பத்து ரூபாய்க்கு ஏதாவது இணையத்தில் கட்டிப் பாருங்கள். உயர்வகைக் கார்டுக்கு மாறச் சொல்லிக் கிளையிலிருந்து தொலைபேசி வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.