பழைய விமானத்துக்குப் புதிய கருவிப் பலகை: எந்த வழி நல்லது?

செஸ்னா 172 விமானம் 1956இல் விற்பனைக்கு வந்தது. பைப்பர் செரோகி 1961இல். அந்தத் தலைமுறையின் சிறு விமானங்கள் பல இன்றும் திடமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பதிலோ வண்ணம் பூசுவதிலோ உரிமையாளர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. கருவிப் பலகைக்கு வரும்போதுதான் ஆளுக்கொரு யோசனை. இருப்பதையே பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா, பழைய வட்டத் துளைகளில் மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதா, பலகையையே கழற்றிவிட்டுப் பெரிய தொடுதிரைகளை வைப்பதா?

விளம்பரப் படங்களை வைத்து ஒப்பிட்டால் மூன்றாவது வழிதான் எப்போதும் வெல்லும். அதனால் நான் வேறொரு கேள்வியைக் கேட்கிறேன். மேகத்துக்குள் பறக்கும்போது ஒரு கருவி கெட்டுப்போனால், அது கெட்டுவிட்டது என்பது விமானிக்கு எப்படித் தெரியவரும்? அதன்பின் தரையிறங்கும்வரை அவர் நம்புவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இருப்பதைச் சீர்செய்து வைத்துக்கொள்வது

பழைய பலகையின் ஆறு அடிப்படைக் கருவிகளில் மூன்று, காற்றழுத்தத்தால் இயங்குபவை: வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி. இவற்றைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கண் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். எண்ணைப் படிக்கவே வேண்டியதில்லை. இறங்கு பாதையில் வேகம் குறைந்துகொண்டே வருவதை முள் காட்டும் அளவுக்கு வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

சிக்கல் மற்ற மூன்றில்தான் இருக்கிறது. திருப்பங்காட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியும், திசையைக் காட்டும் திசைக் கைரோவும், எஞ்சினோடு இணைந்த வெற்றிட பம்ப் இழுக்கும் காற்றில் சுழலும். அந்தப் பம்புக்குள் இருப்பவை கரித் தகடுகள். அவை தேய்ந்து தேய்ந்து ஒருநாள் உடையும். பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். பம்ப் நின்றவுடன் அடிவானம் சட்டென்று கவிழ்ந்துவிட்டால் பிழைத்தோம் என்று சொல்லலாம். அப்படி நடப்பதில்லை. உள்ளே சுழலும் சக்கரமான கைரோவின் வேகம் மெல்ல மெல்லக் குறையும், அடிவானம் ஓரிரண்டு பாகை சாயும், பிறகு இன்னும் கொஞ்சம். வெளியே வெள்ளை மூட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத விமானி, அந்தச் சாய்வை நம்பி அதை நேராக்க முயல்கிறார். கருவி பொய் சொல்கிறது என்று உணர்வதற்குள் விமானம் உண்மையாகவே சரிந்து திரும்பத் தொடங்கியிருக்கும். பலகையின் ஓரத்தில் 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரச அளவைக் காட்ட வேண்டிய சிறிய உறிஞ்சுமானிதான் உண்மையைச் சொல்லும். அது பல பழைய விமானங்களில் விமானியின் பார்வைக்கு எட்டாத மூலையில் இருக்கிறது.

இந்த வழியையே தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடாதீர்கள். உடைந்த பம்பின் கரித்தூள் குழாய்களுக்குள் இருக்கும். காய்ந்த ரப்பர்க் குழாய்களின் துகள்களும் சேர்ந்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் பூட்டினால் புதிய பம்பும் சீக்கிரமே போகும். பலகைக்குப் பின்னாலுள்ள காற்று வடிகட்டியையும் மறக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்தவரை இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பைப்பர் ஜே-3 கப் போல மின்சார அமைப்பே இல்லாமல் பிறந்த விமானங்களுக்குச் சந்தேகமில்லாமல் இதுதான். ஒரு கையடக்க ரேடியோவும் நல்ல திசைகாட்டியும் போதும். தெளிவான வானத்தில் மட்டும், பகலில் மட்டும் பறப்பவர்களுக்கும் இதில் தவறில்லை. விமானத்தின் வரலாற்று மதிப்பு முக்கியம் என்றால் பழைய பலகையைத் தொடாமல் விடுவதே மரியாதை.

பழைய துளைகளில் புதிய கருவிகள்

2016 இந்த விஷயத்தில் திருப்புமுனையான ஆண்டு. அதுவரை, வீட்டில் கட்டப்படும் பரிசோதனை விமானங்களில் மலிவாகக் கிடைத்த மின்னணு அடிவானக் கருவிகளைத் தொழிற்சாலையில் தயாரான, வடிவமைப்புக்கு அரசின் வகைச் சான்று பெற்ற விமானங்களில் பொருத்த வழியில்லாமல் இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் பரிசோதனை விமானச் சங்கமான ஈஏஏ, டைனான் டி10ஏ என்ற மின்னணு அடிவானக் கருவிக்குத் துணை வகைச் சான்றிதழ் (சான்று பெற்ற விமானத்தில் மாற்றம் செய்வதற்கான ஒப்புதல்) பெற்றுக் கதவைத் திறந்தது. சில மாதங்களிலேயே கார்மின் ஜி5 கருவி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமான மாடல்களுக்கான ஒப்புதலோடு வந்தது. பழைய விமானம் வைத்திருப்பவர்களுக்கு அதற்குமுன் இப்படியொரு நல்ல காலம் வாய்த்ததில்லை.

விமானக் கருவிகளின் வட்டத் துளைக்கு மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான, மூன்றும் எட்டில் ஒரு பங்குமான அளவு பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஜி5, 2020இல் வந்த ஜிஐ 275, யுஏவியானிக்ஸ் ஏவி-30 ஆகிய மூன்றும் அந்த ஒரே துளையைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. ஆஸ்பென் எவல்யூஷன் திரையோ மேலும் கீழுமாக உள்ள இரண்டு துளைகளை அடைத்துக்கொள்ளும். உலோகத்தை வெட்ட வேண்டிய வேலை மிகக் குறைவு.

எனக்கு ஜி5 இணைதான் பிடித்தம்: மேலே ஒன்று அடிவானத்துக்கு, கீழே ஒன்று திசைக்கு. ஜிஐ 275 அழகானது. துளைக்குள் வட்டமாகவே உட்கார்ந்து பழைய பலகையின் முகத்தைக் கெடுக்காது, எஞ்சின் அளவீடுகள்வரை பல வேலைகளைச் செய்யும். ஆனால் அதே வேலைக்கு ஜி5ஐவிட அதிகம் கொடுக்க வேண்டும். தவிர, காற்றுக் குலுக்கலில் சிறிய வட்டத் தொடுதிரையில் விரல் வைப்பது எல்லோருக்கும் எளிதல்ல. ஜி5இல் ஒரே குமிழ், திருகினால் போதும். அதன் மாற்று பேட்டரி 4 மணி நேரம்வரை தாங்கும். ஜிஐ 275க்கு ஏறக்குறைய 1 மணி நேரம். ஆல்டர்னேட்டர் செயலிழந்த இரவில் இந்த வித்தியாசம் பெரியது. ஏவி-30 சிக்கனமான தேர்வு. மின்னணு அடிவானம் மட்டும் போதும், ஆட்டோபைலட்டோடு இணைக்கும் எண்ணம் இல்லை என்பவர்கள் அதைத் தாராளமாக எடுக்கலாம்.

இவை கெட்டுப்போகும் விதத்தைக் கவனியுங்கள். தன் கணக்கில் பிழை என்று கண்டுகொண்டால் திரையில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். அடிவானம் மெல்லச் சாய்ந்து ஏமாற்றுவதைவிட இந்த வெளிப்படையான தோல்வி ஆயிரம் மடங்கு மேல். இதற்காகவே நான் வெற்றிட பம்பைக் கழற்றச் சொல்வேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வகைக் கருவிகளில் சில, சாய்வைக் கணக்கிட வேகமானியின் காற்றழுத்தத்தையும் ஜிபிஎஸ் தரவையும் துணைக்கு எடுத்துக்கொள்கின்றன. வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய் பனியால் அடைபட்டால் அடிவானமும் பாதிக்கப்படலாமா என்பதைக் கையேட்டில் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

திசைக்கான கருவி தானாக வடக்கை அறிய, இறக்கையில் ஒரு காந்தமானி வேண்டும். அது அமரும் இடம் இரும்புத் திருகுகளிலிருந்தும், விளக்குகளுக்கு மின்சாரம் போகும் ஒயர்களிலிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். பழைய இறக்கை நுனி விளக்கைப் போட்டதும் திசை சில பாகை நகர்ந்தால், கருவியைக் குறை சொல்வதற்குமுன் இங்கே பாருங்கள்.

முழுத் திரைப் பலகை

டைனான் ஸ்கைவியூ எச்டிஎக்ஸ் 2018இல் செஸ்னா 172க்கு ஒப்புதல் பெற்றது. கார்மின் ஜி3எக்ஸ் டச் 2019இல் சான்று பெற்ற விமானங்களுக்கு வந்தது. 10 அங்குலத் திரையில் அடிவானம், நிலவரைபடம், எஞ்சின், அருகில் பறக்கும் விமானங்கள் எல்லாமே ஒரே பார்வையில். எஞ்சின் அளவீடுகளுக்காக மட்டுமே இதை விரும்புபவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. 1960களின் பலகையில் ஒரே ஒரு சிலிண்டரின் வெப்பத்தைக் காட்டும் சிறு முள் இருந்தாலே பெரிது. இங்கே ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பமும் தனித்தனியாக நிற்கும். வால்வு ஒட்டத் தொடங்கினாலோ ஒரு ஸ்பார்க் பிளக் செயலிழந்தாலோ கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

டைனானா, கார்மினா? தெளிவான வானத்தில் பறப்பவருக்கு டைனான் கொடுக்கும் காசுக்கு அதிகம் தருகிறது. மேகத்துக்குள் கருவி விதிகளின்படி பறப்பதென்றால், அதன் உள்ளிருக்கும் ஜிபிஎஸ், ஓடுபாதையை நோக்கி இறங்கும் அணுகு முறைகளுக்குப் போதாது. சான்று பெற்ற வழிகாட்டிக் கருவியைத் தனியே சேர்க்க வேண்டும். கார்மினுக்கும் அப்படித்தான், ஆனால் அதே நிறுவனத்தின் வழிகாட்டியும் ஆட்டோபைலட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதற்கு விலை, எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனத்தின் கையை எதிர்பார்த்திருப்பது.

இந்த வழிக்கு நான் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உலோக வேலை. 1960களின் பிற்பகுதிவரை செஸ்னாவின் கருவிகள் இன்றுபோல வரிசையாக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிய அலுமினியப் பலகை வெட்ட வேண்டும், பின்னாலுள்ள தாங்கு பட்டைகளில் கைவைக்காமல். இரண்டாவது, ஆயுள். 60 ஆண்டு பழைய உயரமானி இன்றும் பட்டறையில் சீராகித் திரும்புகிறது. 60 ஆண்டு ஓடிய திரையை யாரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கருவிகளாக வைத்திருந்தால் ஒன்று காலாவதியாகும்போது ஒன்றை மட்டும் மாற்றலாம். பலகை முழுவதும் ஒரே அமைப்பாக இருந்தால் அந்தச் சுதந்திரம் இல்லை.

அடிக்கடி நெடுந்தூரம், மேகம், இரவு என்று பறப்பவருக்கும், இன்னும் நீண்ட காலம் அந்த விமானத்தை விற்காமல் வைத்திருக்கப் போகிறவருக்கும் முழுத் திரை பொருந்தும். மாற்றுக் கருவியாக ஒரு ஜி5 கூடவே இருக்கட்டும். சாதாரணக் காந்தத் திசைகாட்டி எந்தப் பலகையிலும் போகாது. விதியும் அதைக் கேட்கிறது.

ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், ஆட்டோபைலட்

வழிகாட்டிக் கருவியில் 1998இல் வந்த கார்மின் ஜிஎன்எஸ் 430இன், ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் டபிள்யூஏஏஎஸ் வகையைப் பழையதாக வாங்கிப் பொருத்தும் ஆசை பலருக்கு இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவும் கூலி புதியதற்கும் பழையதற்கும் ஒன்றுதான், ஆயுளோ பழையதற்குப் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. 2019இல் அறிமுகமான ஜிஎன்எக்ஸ் 375, 2 அங்குல உயரத்துக்குள் ஜிபிஎஸ் அணுகு முறைகளையும், விமானம் இருக்கும் இடத்தை ஒளிபரப்பும் ஏடிஎஸ்-பி டிரான்ஸ்பாண்டரையும் சேர்த்துத் தருகிறது. அதில் தரை நிலையங்களின் ரேடியோ வழிகாட்டலான விஓஆர், ஐஎல்எஸ் இல்லை என்பதால் பழைய கிங் கேஎக்ஸ் 155 ரேடியோ நன்றாக வேலை செய்தால் அதைப் பக்கத்தில் விட்டுவையுங்கள். இரண்டும் சேர்ந்தால் கார்மின் ஜிடிஎன் 650 எக்ஸ்ஐ வழிகாட்டிக் கருவி செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

ஏடிஎஸ்-பி ஒளிபரப்பு அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். இறக்கை நுனி விளக்குக்குப் பதிலாகத் திருகிவிடும் ஸ்கைபீக்கன் என்ற ஏடிஎஸ்-பி கருவி அங்கே மட்டும் பயன்படும். அது 978 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. எல்லை தாண்டிப் பறப்பவருக்கு 1090 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர்தான் சரி. ஐரோப்பாவில் பறப்பவர் ரேடியோ 8.33 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை இடைவெளியைக் கையாளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

காசு குறைவாக இருந்து, பெரிய திரையா ஆட்டோபைலட்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் யோசிக்காமல் ஆட்டோபைலட். ஜி5 இணையோடு கார்மினின் ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட் சேரும்போது ஒரு பொத்தான் கிடைக்கிறது. அதை அழுத்தினால் விமானம் இறக்கைகளைச் சமனாக்கி, ஏறாமல் இறங்காமல் நேராகப் பறக்கும். மேகத்தில் தலைசுற்றி நிலை தெரியாமல் போன விமானிக்கு அந்தப் பொத்தான் தரும் உதவியை எந்த வண்ணத் திரையும் தராது. உங்கள் விமான மாடல் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அடிவானக் கருவிக்கு இருக்கும் நீண்ட பட்டியல் ஆட்டோபைலட்டுக்கு இல்லை.

பலகைக்குப் பின்னால்

முன்பக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், காசில் பெரும்பகுதி பின்பக்கத்தில்தான் போகும், போகவும் வேண்டும். பழைய பலகையைக் கழற்றிப் பார்த்தால், எப்போதோ கழற்றப்பட்ட பழைய ரேடியோ வழிகாட்டிகளான ஏடிஎஃப், லோரான் கருவிகளின் ஒயர்கள் நுனி வெட்டப்பட்டு அப்படியே தொங்கும். உறை காய்ந்து வெடித்திருக்கும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லும் பெயர்ச்சீட்டு இருக்காது. இந்தக் கொடிப்பின்னலோடு புதிய கருவியை இணைப்பது, இற்றுப்போன உத்தரத்தின்மேல் புது ஓடு வேய்வதற்குச் சமம். முதலில் அவை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். எடை குறைவதே ஒரு லாபம்.

அடுத்தது மின்சாரம். 1960களின் முற்பகுதி விமானங்கள் சிலவற்றில் இன்னும் 20 அல்லது 35 ஆம்பியர் ஜெனரேட்டர்தான் இருக்கிறது. தரையில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வராது. திரைகளைப் பற்றிப் பேசுவதற்குமுன் ஆல்டர்னேட்டருக்கு மாறியாக வேண்டும்.

பட்டறையோடு பேசும்போது மூன்று காகிதங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு ஒயரின் பெயரும் எண்ணும் கொண்ட வரைபடம், பலகையை மூடுவதற்குமுன் பின்பக்கத்தை எடுத்த புகைப்படங்கள், புதிதாக எடைபோட்டுக் கணக்கிட்ட எடைச் சமநிலைத் தாள். பிட்டோ, நிலையழுத்தக் குழாய்களைக் கழற்றினால் கசிவுச் சோதனை முடியாமல் விமானத்தை எடுக்காதீர்கள். தெளிவான வானத்தில், பக்கத்தில் இன்னொரு விமானி இருக்க, ஒவ்வொரு கருவியின் சர்க்யூட் பிரேக்கரையும் இழுத்துவிட்டுத் திரையில் என்ன மறைகிறது, என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலை எழுதிக் கையேட்டோடு வைத்தபிறகு முதல் மேகத்துக்குள் போகலாம்.